வெண்டைக்காய்ச் சுணை

மாப்ளே,

இன்று காலை உன் வீட்டிலிருந்து ஒரு கூடை வெண்டைக்காய் வந்தது. நீ போன பிறகு உன் காட்டில் முதல் பறிப்பு. கூடையை இறக்கிய என் மகள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, "என்னப்பா இது, எறும்பா?" என்றாள்.

"சுணை, தாயி. கண்ணுக்குத் தெரியாத முள்ளு. குத்துறப்பத் தெரியாது, தேய்க்கத் தேய்க்கத்தான் எரியும்."

அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் இந்தச் சொல்லுக்கு என்னைப்போல் பொருள் சொல்ல எந்த வாத்தியாராலும் ஆகாது.

எனக்குப் பெண் பார்க்கத் திண்டுக்கல் போனோமே, அன்று விடியலில் இருவரும்தான் காய் பறித்தோம். நீ கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டாய். நான் வெற்றுடம்போடு இறங்கித் தனி ஆளாய் ஒரு ஏக்கரை முடித்தேன். நம் சேவுகம்பட்டியே வாயைப் பிளந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட, குளிக்காமலே சலவைச் சட்டையை மாட்டினேன்.

பெண்ணின் அப்பா பூட்டுப் பட்டறைக்காரர். விவசாயி வேண்டாமென்று அவர் சொல்லவேயில்லை. நானாகத்தான், "காட்டுல கால வச்சதே இல்லீங்க மாமா, எல்லாம் ஆளுகதான்" என்று அளந்தேன். பெண் காப்பியோடு வந்தாள். அந்நேரம் பார்த்துக் கழுத்திலும் முதுகிலும் பற்றிக்கொண்டது. இரண்டு கையாலும் சொறிந்தேன்.

அவர் உன்னிடம் கேட்டார்: "தம்பிக்கு ஒடம்புல எதுவும் சீக்கா?"

சுணை என்று நான் சொன்னால் என் பவுசு போய்விடும். உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தபடி சொன்னாய்: "பெருசா ஒண்ணுமில்லீங்க. அப்பப்ப வரும், போயிரும்."

திரும்பும்போது, "விடு மாப்ளே, அந்தப் புள்ளைக்குப் பல்லு எடுப்பு" என்றாய். அந்தத் தையில் அவளுக்கு நீயே தாலி கட்டினாய். பந்தியில் மூவாயிரம் பேருக்கு நான்தான் பரிமாறினேன். உள்ளே எரிந்தது, ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டாய் என்று ஆற்றிக்கொண்டேன்.

உன் கருமாதியன்று அவள் மெல்லக் கேட்டாள்: "அண்ணே, ஒடம்பு இப்பத் தேவலையா? ஒங்க துண்ட யாரும் தொடக் கூடாது, ஒங்களுக்குத் தனி லோட்டாலதான் குடுக்கணும்னு, சாகுற வரைக்கும் அவுக சொல்லிக்கிட்டே இருந்தாக."

சுணை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். பொட்டில்லாத நெற்றியோடு நின்றவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"தேவலை, தங்கச்சி" என்றேன்.

பன்னிரண்டு வருசம் அந்த லோட்டாவில் குடித்தேன், மாப்ளே. உன் வீட்டில் எனக்கு மட்டும் செய்யும் மரியாதை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இனி மாற்றிச் சொல்ல எனக்கு வாயில்லை.