அவ்லாகிக்குக் குறுக்கே ஒரு சுவர்

அன்பு மகன் மார்க்கெல்லோஸுக்கு,

நீ வரைந்த சுவர் எங்களைக் கடலிலிருந்து துரத்திவிட்டது. மற்றபடி நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை, ரோட்டர்டாமில் நீங்கள் இருவரும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன், அங்கே கோடையிலும் மழையாமே, பிள்ளைக்குக் காதை மூடிவிடு.

அவ்லாகிக் கரையில் நீ வரைந்துகொடுத்த புது ஓட்டலைப் பற்றி ஓட்டல்காரர்கள் அச்சடித்த வழவழப்பான புத்தகத்தை அப்பா காபிக் கடையிலிருந்து எடுத்துவந்தார். உன் படமும் இருக்கிறது, தாடி உனக்குப் பொருந்தவில்லை. கடற்கொள்ளையரைக் குழப்பத்தான் நம் முன்னோர் தெருக்களை வளைத்துக் கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொருவனும் முழம் முழமாகத் தெருவைத் தின்று வீடு கட்டினால் அது வளையாமல் என்ன செய்யும். வெள்ளைச் சுவர் ஒளியின் தத்துவமாம். சுண்ணாம்பு மலிவு, பூச்சி சாகும், அவ்வளவுதான் தத்துவம். நீலக் கதவு, படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட். அந்தக் காலத்தில் வெனிஸ்காரர்கள் கட்டிய கோபுரத்துக்கு ஒரு முழுப் பக்கம், அதன் பாதிக் கல் நம் பன்றிக் கொட்டகையில் கிடப்பதைப் பற்றி மூச்சில்லை. இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். கடைசிப் பக்கத்தில் அவ்லாகி 'மனிதர் கால் படாத கடற்கரை' என்று இருக்கிறதே, அப்படியானால் நானும் எவ்தோக்கியாவும் ஸ்தமாத்தாவும் கல்யாணமான நாள்முதல் கோடை மாலைகளில் தொப்பியோடு மார்பளவு தண்ணீரில் நின்று ஊர்க்கதை பேசினோமே, அது எந்தக் கால்களில் நின்று?

ஓட்டல் திறந்த மறுநாள் வழக்கம்போல் போனோம். ஆட்டுப் பாதை இறங்கும் இடத்தில் உன் சுவர் நிற்கிறது, கல் அடுக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆள் நுழையத்தான் இடமில்லை. ஓட்டல் வாசல் வழியாகச் சுற்றிப் போனோம். ஏதென்ஸிலிருந்து வந்த காவலாளி மரியாதையாகத்தான் கேட்டான், "அம்மா, நீங்க எந்த ரூம்ல தங்கியிருக்கீங்க?" எவ்தோக்கியா சும்மா இருப்பாளா. "உன் மொதலாளி அரைக்கால் டவுசரோட இந்தத் தண்ணியில மூத்திரம் பேஞ்சப்ப நான்தான்டா அவனுக்கு நீச்சல் கத்துக்குடுத்தேன். அது எந்த ரூம்னு போய்க் கேட்டுட்டு வா." அவன் கேட்கப் போகவில்லை. நகராட்சியில் சொன்னோம், கடற்கரை எல்லோருக்கும் சொந்தம்தான், கோடை முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். கோடை முடிந்து தண்ணீர் குளிர்ந்தபின் அங்கே நாங்கள் எதற்கு, மீன்களே போதும்.

இப்போது எல்லோரும் துறைமுகத்துக்குப் பின்னால் டீசல் மிதக்கும் தண்ணீரில் நிற்கிறார்கள். நான் இறங்கியதும் பேச்சு நின்றுபோகிறது, பிறகு தக்காளி விலையைப் பேசுகிறார்கள், வெளியூர்க்காரர்களிடம் பேசுவதைப்போல. நேற்று ஸ்தமாத்தா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "நீ ஏன் கல்லிரோயி இந்தச் சாக்கடைக்கு வர்ற? உன் மகன் உனக்கு அங்க மெத்தை போட்டு வச்சிருப்பானே." அவள் சொன்னது உண்மைதான். ஓட்டல் மேலாளர் அன்று காலையில்தான் வீட்டுக்கே வந்து, கட்டடம் வரைந்தவரின் தாய்க்குக் கோடை முழுக்கச் சாய்வுப் படுக்கை இலவசம் என்று கையில் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார். தோழிகளுக்கு என்றேன், உங்களுக்கு மட்டும் என்றார். அப்பா அதைக் கழுதையின் கழுத்தில் கட்டிவிட்டார்.

பாதைக்கு நேரே சுவரில் ஒரு கதவு வையுங்கள் என்றும் அவரிடம் கேட்டேன். உங்கள் மகன் ஒரு வார்த்தை சொன்னால் வைக்கிறோம், அழகு கெட்டுவிடும் என்று அவர்தான் வேண்டாமென்றார் என்று சொன்னார். போனில் உன்னைக் கேட்டால் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது என்கிறாய், நீ அனுப்பிய பணம் வந்ததா என்று கேட்டு நான் பதில் சொல்லும்போது மட்டும் உனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

அன்னை மரியாள் உங்களைக் காக்கட்டும், கண்ணேறு படாமல் இருக்க மூன்று முறை துப்பியிருக்கிறேன். அனுப்பிய எண்ணெயை வெயிலில் வைக்காதே. அந்தக் கதவை இந்த வாரமே வரைந்து அனுப்பு. அனுப்புவாயா, மாட்டாயா? சென்ற கடிதத்திலும் இதைத்தான் கேட்டிருந்தேன்.

உன் அம்மா,
கல்லிரோயி