நிரம்பாத தட்டு

ஹாலாமோனு, டோங்கா
மார்ச் 3

என் லவேனியாவுக்கு,

நானும் நம் குட்டிப் பெண் வீகாவும் சுகம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் ஏதோ ஜோக் சொல்லி மழுப்புகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நீ படிக்கப் போன மிஷின் நம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. கப்பலிலிருந்து இறக்கியது எங்கள் கோயில் பாடகர் குழுதான். ஆனால் முக்கால்வாசி நாள் சும்மா நிற்கிறது. ரத்தம் நிறையச் சேர்ந்தால்தான் ஓடுமாம். லேப் பௌலா கேலி பண்ணுகிறான்: "உன் பொண்டாட்டியோட மிஷின் என் மாமியார் மாதிரிடா. தட்டு நிறைய வச்சாத்தான் கை வைக்கும்."

ஒரு வருஷம் என்று போனாய். இரண்டாவது வருஷக் கிழங்கையும் தோண்டிவிட்டேன். மிஷின் வந்ததும் வருவேன் என்றாய். அது வந்துவிட்டது. நீ எங்கே?

உன் மாலகாய்


பிரிஸ்பேன்
மார்ச் 16

அன்புள்ள மாலகாய்,

உன் கடிதத்தை ரயிலில் படித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பௌலா சொன்னது சரிதான். ஈரல் கிருமியைக் கண்டுபிடிக்கும் மிஷின் அது. ஒரு தட்டில் தொண்ணூற்றாறு பேரின் ரத்தம் வைக்கலாம். பத்துப் பேருக்குப் போட்டாலும் ஒரு தட்டுக்கான சோதனை மருந்து முழுவதும் தீர்ந்துபோகும். இங்கே காலை டீக்கு முன்பே பல தட்டு முடிந்துவிடும். அங்கே ஒரு தட்டு நிரம்ப வாரக்கணக்கில் ஆகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. மிஷினை ஜூன் வரை சோதனைக்குத்தான் வைத்திருக்கிறார்கள். ரத்தம் போதாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது அங்கே இருந்தால், பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இல்லையென்றால் எனக்கு அங்கே வேலையே கிடையாது. நம் ஊர்க் கணக்கு ஏறுகிறதா என்று தினமும் கம்ப்யூட்டரில் பார்க்கிறேன்.

வீகாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே. உன் அத்தை சொல்லித்தான் தெரியும். அவள் தலை வாசனை எனக்கு மறந்துகொண்டே வருகிறது, மாலகாய்.

லவேனியா


ஹாலாமோனு
ஏப்ரல் 11

லவேனியா, கேள்!

தட்டு நிரம்பிவிட்டது! ஒன்றல்ல, தட்டு தட்டாக!

போதகர் சேமிசியிடம் போய் நம் கதையைச் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கை நாளில் செய்வதுபோலவே, குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசித்துவிட்டார், எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் ரத்தம் கொடுக்கிறார்கள் என்று. நம் ஆட்களை உனக்குத் தெரியாதா? "என்னது, தௌஃபா வீட்ல ஒம்பது பேரா? நாங்க பதினாலு!" என்று அத்தை எழுந்து நின்றாள். பக்கத்து ஊர் மருமகன்களை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கொடுத்தவர்களே மறுநாளும் வந்து கை நீட்டினார்கள். "போதும், விடுங்கய்யா!" என்று பௌலா கத்தினான். யார் கேட்டார்கள்?

இனி அந்த மிஷினை யார் அசைப்பார்கள்? சீக்கிரம் வா.

உன் மாலகாய்


பிரிஸ்பேன்
மே 4

மாலகாய்,

கணக்கு ஏறியதைப் பார்த்து லேப் நடுவில் குதித்தேன். பிறகுதான் கவனித்தேன், ஒரே ஆளின் ரத்தம் இரண்டு தடவை, மூன்று தடவை.

மூன்று மாதத்துக்கு அனுப்பிய மருந்து ஒரே வாரத்தில் காலி. அதற்குப் பிறகு வெளித்தீவிலிருந்து ஒரு நிறைமாதக்காரி வந்திருக்கிறாள். தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால், குழந்தை பிறந்த உடனே அதற்குக் கூடுதலாக ஓர் ஊசி போடவேண்டும். அவள் ரத்தத்தைச் சோதிக்க மருந்து இல்லை. பௌலா அவள் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பினான். பெட்டியைப் பிரித்தது நான். முடிவை உனக்குச் சொல்லக்கூடாது. குழந்தை பிறப்பதற்கு முன்பே முடிவு அங்கே கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்குக் கழிவறையில் நின்று அழுதேன்.

மிஷின் அங்கே வேண்டுமா என்று என்னிடம்தான் கருத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நம் தீவுக்கு அது அளவு மீறிய சட்டை. ரத்தத்தை விமானத்தில் அனுப்புங்கள், அவசரத்துக்கு ஒவ்வொருவராகப் பார்க்கும் சின்னக் கருவி கொடுங்கள் என்று எழுதினேன். நம் தீவிலிருந்து வரும் ரத்தப் பெட்டிகளைப் பார்க்க என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நான் வரும் வழியை நானே அடைத்துவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

லவேனியா


ஹாலாமோனு
ஜூன் 8

லவேனியா,

பேசாமல்தான் இருந்தேன். ஊரையே வரிசையில் நிற்கவைத்தவன் நான். நீ ஒரே தாளில் முடித்துவிட்டாய். பாட்டுப் பயிற்சிக்குக்கூடப் போகவில்லை.

போன வாரம் வெளித்தீவிலிருந்து சேலோட்டே என்று ஒருத்தி குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள், கையில் மீன். "என் ரத்தத்தைப் பாத்தது உங்க வீட்டம்மாதானாமே? பௌலா சொன்னாரு." "ஆமா, என் பொண்டாட்டிதான்" என்றேன். குழந்தையை என் மடியில் போட்டாள். அது வேட்டியை நனைத்துவிட்டுத் தூங்கியது.

நீ எழுதியது சரி. கையெழுத்துப் போடு.

கிழங்குத் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். "நீ போயிட்டா அடிக்குரல் யாருப்பா பாடுறது?" என்று போதகர் கேட்டார். கடிதம் எழுதும்போதே கடல் சத்தம் கேட்கிறது, இப்போதே அது இல்லாத மாதிரி இருக்கிறது.

அடுத்த மாதம் நானும் வீகாவும் வருகிறோம். இனி எப்போது வருவாய் என்று உன்னைக் கேட்கமாட்டேன். இங்கே உனக்காகக் காத்திருக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

மாலகாய்