இவர் கடந்த ஆறு

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஹவுன்ஸ்லோ பஸ் முழுக்க ஈரக் குடை. விமானச் சாப்பாடு கட்டும் வேலை, வழக்கம்போல். மதிய இடைவேளையில் கூட வேலை செய்யும் ஈவா தன் ஊர்ப் படம் காட்டினாள். போலந்து. நடுவே ஓர் ஆறு. இந்தக் கரை போலந்து, அந்தக் கரை ஜெர்மனி. பாலத்தில் நடந்துபோய் ஐஸ்கிரீம் வாங்குவார்களாம்!

தொண்ணூறுகளில் இவர், களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனோடு ஜெர்மனிக்குள் வந்ததும் ஓர் ஆற்றைக் கடந்துதான். ஆற்றின் பெயர் இவருக்கு இன்றுவரை தெரியாது. இதுவாக இருக்குமோ?

மார்ச் 5, புதன்
மீன் பொரித்தபடி இவரிடம் கேட்டேன்.

"இஞ்சையப்பா, அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடினது?"

"ஏன் இப்ப?"

"சும்மா."

அடுப்படிக்கு வந்து நின்றார். பிறகு: "வலப்பக்கம் இழுத்தது. அங்காலை ஒரு செங்கல் புகைபோக்கி."

அதற்கப்புறம், நான் கேட்காமலே, ரூபனின் கதை. கூட வந்த பெடியன். கழுத்தளவு தண்ணீரில் இவருடைய ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவன். நடு ஆற்றில் பிடி விட்டுப்போயிற்று. கரையேறித் திரும்பினால் ஆளில்லை.

"தண்ணி கொண்டுபோட்டுது."

இத்தனை வருடம் என்னிடமும் சொல்லாதது. மீன் கருகிவிட்டது.

மார்ச் 8, சனி
வெயில், ஒருவழியாக. ஈவா வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அம்மா ஊர் ஆற்றங்கரையில் நின்றபடி வீடியோ அழைப்பில். தண்ணீர் வலப்பக்கம்! எதிர்க்கரையில் புகைபோக்கி! இவர் எழுந்து நின்றுவிட்டார். ஆற்றின் பெயர் நீசா. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னனோ?"

ரூபனைப் பற்றியும் சொன்னார். ஈவா மொழிபெயர்க்க, அம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். பயந்து பாதியில் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேராம். அம்மாவின் குசினியிலேயே ஈரத்தோடு உட்கார்ந்து சூப் குடித்தார்களாம். உங்களைப் போன்ற ஆட்களும் அதில் இருந்தார்களாம். பெயர் கேட்டதில்லையாம்.

இவர் என்னைப் பார்த்தார். "திரும்பிப் போயிருப்பான் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லையப்பா."

மார்ச் 9, ஞாயிறு
மறுபடி குளிர். சலவை. தேங்காய்ப்பால் முடிந்துவிட்டது. இவர் காலையிலிருந்து போனில். பாரிஸ், பேர்ண், பழைய ஆட்கள் எல்லோருக்கும். "ரூபன். உயரமான பெடியன். புருவத்திலை தழும்பு." இதுவரை ஒன்றும் இல்லை. ஒருவர் மட்டும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாராம்.

ஈவாவின் அம்மாவிடமிருந்து செய்தி: கோடையில் வாருங்கள், தண்ணீர் முழங்கால் அளவுதான்.

கடற்கரைக்குப் போனாலும் காரை விட்டு இறங்காத மனிதர்.

"போவம்" என்றார்.

"பாலத்தாலை நடக்கலாம்" என்றேன்.

"வரேக்கை பாலத்தாலை. போகேக்கை ஆத்தாலை."