நாலு பேருக்கான மேசை

ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்
8-8-2010

அன்புள்ள தம்பி கணேஷ்குமாருக்கு,

அண்ணி புஷ்பா எழுதுவது. சிங்கப்பூரில் நீங்களும் சௌம்யாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உங்கள் அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் கடிதம். இங்கே விடாத மழை. ஹர்ஷிதா எட்டாம் வகுப்பு போகிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில்.

மாதாப்பூர் ஆபீசில் அவர் வடிவமைத்த தொடுதிரை மேசையைப் பற்றி உங்களிடமும் பெருமையாகச் சொல்லியிருப்பார். நாலு பேர் சுற்றி நின்று ஒரே வரைபடத்தில் ஒன்றாக வேலை செய்யலாம். யார் வேண்டுமானாலும் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். "இதுல தலைப்பக்கம்னு ஒண்ணு கிடையாது புஷ்பா" என்பார்.

பொங்கல் கழிந்து மேசை தகராறு செய்தது. தொட்டால் படம் துள்ளியது, அடுத்தவர் வரைந்தது அழிந்தது. கண்ணாடியை மாற்றினார்கள், அடியிலிருந்த கேமராக்களை மாற்றினார்கள். கடைசியில் கூட வேலை பார்க்கும் நஸ்ரின்தான் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள்: "சார், நாங்க தொட்டா சரியா இருக்கு. நீங்க தொடும்போதுதான்..."

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் நடுக்குவாதம் என்றார். குணமாகாது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாமாம். நாற்பத்திரண்டு வயதுதானே தம்பி.

நடுங்கும் விரலுக்காக மேசை சற்றுப் பொறுத்திருக்கும்படி அவரே மாற்றியமைத்தார். அவருக்குச் சரியானது, மற்றவர்களுக்கு மெதுவாகிவிட்டது. நாங்க பழகிக்கிறோம் சார் என்று நஸ்ரின் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. "நாலு பேர் சேர்ந்து செய்யத்தானே இந்த மேசை. ஒருத்தனுக்காக மூணு பேர் ஏன் காத்து நிக்கணும்?" என்று அந்த மாற்றத்தைத் தன் கையாலேயே எடுத்துவிட்டு, மறுநாள் வேலையை விட்டுவிட்டார். மேசை இப்போது ஒரு கட்டடக் கம்பெனியில் நன்றாக ஓடுகிறதாம். நஸ்ரின் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லி அழுதாள்.

இவர் இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நாங்கள் முடித்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறார். ஒருநாள் ஹர்ஷிதா, "நான்னா, நேனு தினிபிஸ்தா" என்று அப்பாவுக்கு ஊட்டிவிடக் கிண்ணத்தை எடுத்தாள். அப்படியே எழுந்து போய்விட்டார். குழந்தை கிண்ணத்தோடு நின்றாள்.

உங்களுக்குத் தெரியக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மீறி எழுதுகிறேன். ஒரு வாரமாவது வாருங்கள். ஆபீஸ் வேலையாக வந்ததுபோல் இருக்கட்டும். வாசலில் பார்த்ததும் கைகுலுக்கக் கையை நீட்டிவிடாதீர்கள், தம்பி. நேராகப் போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும் அண்ணி,
புஷ்பா