வேனுக்கு ஒரு புது பேட்டரி

நேற்றுக் காலை நம் வேனின் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. நீ கண்மூடியதிலிருந்து எடுக்காமலே நின்ற வண்டி. படுக்கைக்கு அடியிலிருந்த பேட்டரி, சார்ஜரிலேயே கிடந்து உப்பிப்போயிருந்தது. நாமக்கல்காரி நீ இருந்திருந்தால் முதலில் முட்டைத் தட்டைத்தான் தேடியிருப்பாய்.

ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டவன் நான். நீ எங்கும் போகவில்லை. வெளியூரில் இன்சுலின் கெட்டுவிடுமோ என்று பயம். அதனால்தான் வேனில் கட்டிலோடு ஒரு சின்ன ஃபிரிட்ஜும் வைத்தேன். மேட்டூரில் நிறுத்திய முதல் சாயங்காலம், ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு, "ஏனுங்க, ஊட்டையே தூக்கிட்டு வந்த மாதிரி இருக்குதுங்க" என்றாய்.

தரங்கம்பாடியில் பேட்டரி இறங்கி ஃபிரிட்ஜ் நின்றபோது நான்தான் பதறினேன். நீ மருந்துக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, "இது தாங்குமுங்க. நீங்க காப்பி குடிச்சுட்டு ஓட்டுங்க" என்றாய்.

பழையதைக் கழற்றிக்கொண்டு சங்ககிரி பேட்டரிக் கடைக்குப் போனேன். "உள்ள படுக்கறீங்கன்னா லித்தியம் போட்டுக்கங்க. வாடை வராது, தண்ணி ஊத்துற வேலையும் இல்லீங்க. சார்ஜரை மாத்தோணும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்டார்.

"ஃபேன், லைட்டு."

"ஃபிரிட்ஜ் இல்லீங்களா? அப்பச் சின்னதே போதுமுங்க."

போன வாரம் உன் தங்கை போனில் பேசினாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் நம் வேனில் போய் ராமேஸ்வரம் பார்க்க வேண்டுமாம். அவளுக்கும் இப்போது இன்சுலின்தான். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் படுக்கையில் இன்னொருவர் படுப்பதற்கு மனம் ஒப்பவில்லை.

"ஃபிரிட்ஜும் ஓடோணுங்க. பெருசே போடுங்க" என்றேன்.

கடை வாசலிலிருந்தே அவளைப் போனில் கூப்பிட்டு, ராமேஸ்வரம் போகலாம் என்று சொன்னேன்.

"அக்கா எடத்துல படுக்கச் சங்கடமா இருக்குதுங்க மாமா. நான் கீழ படுத்துக்கறனுங்க."

"வேண்டாம் சாமி. அங்கயே படு. அங்கதான் காத்து வரும்."

சொல்லும்வரை, அந்த இடம் உன்னைவிட்டுப் போய்விடும் என்று பயந்திருந்தேன். போகவில்லை. இன்று மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். எந்த வழியாகப் போகலாம், எங்கே நிறுத்திச் சமைக்கலாம் என்று வாய்விட்டு உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.