நல்லா நிக்குதே

அம்மா,

பவுடர் வாசனையில்தான் எல்லாம் கிளம்பியது. போன வாரம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க டாக்டரே மலையேறி வந்திருந்தார். வந்தவர்களின் பெயரை எழுதி, வரிசையில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது என் வேலை. ஒரு பெண் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைக்கு முகம் முழுக்கப் பவுடர், கழுத்து மடிப்பில்கூடத் திட்டுத் திட்டாக. எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, மடிப்புக் கலையாத பாவாடை. நீயும் என்னை அப்படித்தானே ஜோடித்துக் கூட்டிக்கொண்டு போனாய்.

நீ இருந்தவரை இதைப் பற்றி உன்னிடம் பேச முடிந்ததில்லை. பேச்சை எடுத்தாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாய். இப்போது எழுந்து போக முடியாதல்லவா? கேள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. நான் உள்ளூரில் ஐந்தாவது முடித்திருந்தேன். ஆறாவதுக்கு ரிஷிவந்தியம் போக வேண்டும். போலியோ வந்ததிலிருந்து என் இடது கால் சும்மா தொங்கும், வலது காலில் மட்டும் கொஞ்சம் தெம்பு. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் என்பதால் காலையும் மாலையும் நீ தூக்கிச் சுமந்தாய். ரிஷிவந்தியத்துக்கும் தூக்கிக்கொண்டு நடந்தால் களையெடுக்க யார் போவது, சோறு எங்கிருந்து வருவது? அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் ஊனமுற்றோர் முகாம் என்று சேதி வந்தது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி தருவார்களாம். வண்டி கிடைத்தால் பள்ளிக்கூடம், கிடைக்காவிட்டால் வீட்டு மூலை என்று எனக்கே தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து என்னை நிற்கப் பழக்கினாய். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் இறக்கிவிடுவாய். சுவரைப் பிடித்து எழுந்து, பிறகு கையை எடுத்துவிட வேண்டும். "டாக்டரு முன்னாடி தவுந்துக்கினு போவக் கூடாதுடி. பெரியவங்க வந்தா எழுந்து நிக்கணும். அப்பதான் மதிச்சிக் குடுப்பாங்க" என்றாய். உனக்குத் தெரிந்த உலகம் அது. நிலத்துக்காரர் வரப்பில் வருவது தெரிந்தாலே கையில் இருக்கிற கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தவள் நீ. நின்றபடியே கூலி வாங்குவாய், நின்றபடியே திட்டும் வாங்குவாய். உட்கார்ந்திருக்கிறவளுக்கு யாரும் எதுவும் கொடுத்து நீ பார்த்ததில்லை. வண்டி கொடுக்கிற டாக்டர் முன்னால் பெண் தரையில் கிடந்தால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தாய்.

வலது முட்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பூட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் நிற்க முடியும் என்று நானே கண்டுபிடித்தேன். அப்புறம் கால் நடுங்கும், மடியும், நீ பிடித்துக்கொள்வாய். முதல் தடவை கையை விட்டு நான் நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூவிக் கூப்பிட்டாய். அவர்கள் வருவதற்குள் நான் விழுந்துவிட்டேன். "நின்னா, சத்தியமா நின்னா" என்று அவர்களிடம் அடித்துப் பேசினாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

முகாம் நாளன்று பஸ் இல்லை. போராட்டக்காரர்கள் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கரும்பு வெட்டப் போன அப்பா போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார். அடுத்த முகாமுக்குப் போகலாம் என்று ஊரே சொன்னது, நீ யார் பேச்சைக் கேட்டாய்? மாமாவின் சைக்கிளை வாங்கி, பின் கேரியரில் என்னை உட்காரவைத்து, துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. உருட்டிக்கொண்டே போனாய்.

வழியில் விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில் இளவட்டங்கள் மறித்தார்கள். "இன்னாம்மா, மறியல் நடந்துக்கினு இருக்குது, நீ பாட்டுக்கு சைக்கிள உருட்டிக்கினு வர்ற?" என்று ஒருவர் கேட்டார்.

"நீங்க கேக்குறத நீங்க கேளுங்க தம்பி. எம்பொண்ணுக்கு வோணும்ங்கறத நான் கேக்கப் போறேன்" என்றாய்.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். என்னைச் சைக்கிளோடு தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "நல்லா படிக்கணும் பாப்பா" என்றார் ஒருவர். ஊர் முழுக்க உரிமை கேட்டுக்கொண்டிருந்த வருஷத்தில் நீ கேட்கப் போனது ஒரு வண்டி. அதைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாதவள் என்று முகாமில் உன்னை ஆக்கிவிட்டார்கள்.

சாலை மறுபடி அடைபடுவதற்குள் கடலூர் திரும்ப வேண்டும் என்று டாக்டருக்கு அவசரம். வாசலில் ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. உள்ளே போனதும் நீ என்னைச் சுவரோரம் இறக்கினாய். பிடித்தேன், எழுந்தேன், கையை விட்டேன். டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா நிக்குதே" என்றார். ஏதோ எழுதிச் சீட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் முகத்தைத் திருப்பிய பிறகுதான் என் முட்டி மடிந்தது.

நீ அதைப் பாராட்டு என்று நினைத்தாய். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாய். வெளியே வரிசையில் இருந்தவர்களிடம் "எம்பொண்ணு நல்லா நிக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க" என்று பூரித்துப்போய்ச் சொன்னாய். பிறகு மேசையில் இருந்த எழுத்தரிடம் சீட்டைக் கொடுத்து, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாய்.

"நிக்கிற புள்ளைக்கெல்லாம் வண்டி கெடையாதும்மா" என்றார்.

உனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாய். புரிந்ததும் என்னை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாய். "சாமி, கொஞ்ச நேரந்தான் நிக்கும், அப்பறம் வுழுந்துடும். இன்னொரு தபா பாருங்க சாமி" என்று கும்பிட்டாய். என்னைத் தரையில் விட்டாய், நான் தவழ்ந்து காட்டினேன். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போய்விட்டார். பின்னாலேயே வந்த எழுத்தர், "இப்பத்தானே நின்னுச்சு? வண்டிக்காகப் புள்ளைக்கு நடிக்கக் கத்துக்குடுக்கறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

நடிப்பாம். நின்றதுதான் நடிப்பு என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது? நாங்கள் நடித்ததே உங்களுக்கு மரியாதை கொடுக்கத்தான் என்று கத்த எனக்கு அப்போது வாய் இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் அந்த ஆள் எங்கே இருக்கிறாரோ.

ஆறாவது போகவில்லை. நீ வேலைக்குப் போன பிறகு வீட்டு மூலையில் உட்கார்ந்து, தம்பியின் புத்தகங்களைப் படித்துக் கிடந்தேன். பெரியவளான பிறகு தனித்தேர்வு எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் உன்னை மீட்க எந்தத் தேர்வு இருந்தது? சாலையில் யாராவது மூன்று சக்கர வண்டியில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். "நாந்தான் நிக்கவச்சிக் கெடுத்துட்டேன்" என்பாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதும் அதையே சொன்னாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான் அம்மா. ஜீப்புக்கு அவசரப்பட்டவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவருடைய தப்பை நீ ஏன் வாங்கி உன் தலையில் வைத்துக்கொண்டாய்?

இப்போது எல்லாம் மேம்பட்டுவிட்டது என்கிறார்கள். மேம்பட்டுத்தான் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மலைக்கே வேன் வருகிறது. அதில் சாய்வுப் பலகை இருக்கிறது, இரும்புக் காலிபர் மாட்டிய காலோடு நானே அதில்தான் ஏறி இறங்குகிறேன். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வீடு தேடி ஆள் போகிறது. வீட்டாரையும் உட்காரவைத்து, என்னென்ன கிடைக்கும் என்று சொல்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கில் மேம்பாடு, மேம்பாடு என்று முழங்கிவிட்டுக் கைதட்டச் சொல்கிறார்கள். சம்பளம் வாங்குகிறேனே, நானும் தட்டுகிறேன். இதற்கு முன்னால் வந்தவர்களை நாங்கள் என்ன பாடு படுத்தினோம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அந்த மைக்கைப் பிடித்தால் என்ன குறைந்துவிடும்?

அந்த மலைப்பெண்ணுக்கு வருகிறேன். "பாப்பா இப்பத்தான் நிக்கப் பழகுதுங்க. டாக்டருக்குக் காட்டணும்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

"காட்டாத. உள்ள போனா நிக்கவே வைக்காத" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

அவள் முகம் செத்துவிட்டது. "ஏங்க, நின்னா தப்புங்களா?" என்று கேட்டாள்.

அவள் முறை வந்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே போனேன். அம்மாக்காரி என் பேச்சைக் கேட்டுப் பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தாள். ஆனால் அந்தக் குட்டி சும்மா இருக்குமா? டாக்டரைப் பார்த்ததும் நழுவி இறங்கி, மேசைக் காலைப் பிடித்து எழுந்து, கையை விட்டு நின்றுவிட்டது. டாக்டர் கையில் பேனா.

"எழுதாதீங்க!" என்று கத்தினேன். "கொஞ்சம் இருங்க. புள்ள வுழற வரைக்கும் பாருங்க!"

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் சின்னப் பெண். நான் சுவரைப் பிடித்து நின்ற நாளில் பிறந்தேயிருக்க மாட்டாள். பேனாவை மூடி வைத்தாள். "நான் இன்னும் எழுதலம்மா. எவ்வளவு நேரம் நிக்கிறா, அப்புறம் என்ன ஆகுது, வீட்டுல எப்படிச் சமாளிக்கிறாங்க, எல்லாம் பார்த்துக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன். இப்ப அப்படித்தான் பார்க்கணும்" என்றாள்.

பார்த்தாள். பிள்ளையின் கால் நடுங்கியது, மடிந்தது. அம்மா தாங்கிக்கொண்டாள். "சூப்பர் பாப்பா" என்று டாக்டர் கைதட்ட, அம்மாக்காரியும் சிரித்துக்கொண்டே தட்டினாள். சக்கர நாற்காலிக்கும் பயிற்சிக்கும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சிரிப்புக்காக யாரும் அவளிடம் எதையும் பிடுங்கவில்லை.

எனக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெளியே வந்து வேனுக்குப் பின்னால் நின்று கோபத்தில் அழுதேன். இவ்வளவுதானா அம்மா? பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. இதற்குப் புது மிஷின் வேண்டுமா, புதுச் சட்டம் வேண்டுமா? அன்றைக்கே யாராலும் முடிந்திருக்கும். ஜீப் கொஞ்சம் காத்திருந்தால் போதும்.

கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, விட்டுத் தொலை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். விட மாட்டேன். இனி எந்த முகாமானாலும் டாக்டர் அறைக்குள் போய், பிள்ளை விழுகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பேன். எதற்கு நிற்கிறாய் என்று கேட்டால் உன்னைத்தான் சொல்வேன். எங்கள் அம்மா, பெற்ற பெண் எழுந்து நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அதற்காக அவளைச் சாகும்வரை அழவைத்தார்கள் என்று.