பாப்புவோட கல்லுல வெட்ட வேண்டியது

அக்டோபர் 27, திங்கள்

பாப்பு, காலையிலேர்ந்து தூறல். கீழ வயல்ல தண்ணி நிக்குது. நட்ட சம்பா வேர் பிடிக்கல. அப்பா மண்வெட்டியோட வடிக்கப் போயிருக்காரு. கரண்ட் இல்ல, ஊறப்போட்ட உளுந்து அப்படியே.

கல்லு வெட்டுற அந்தோணி வந்தாரு. நீ காய்ச்சல்ல எங்களை விட்டுப் போனதுக்கு அப்புறம் வர்ற முதல் கல்லறைத் திருநாள். ஞாயித்துக்கிழமைக்குள்ள கல்லு நட்டாகணும்.

"பேரு, தேதியெல்லாம் வெட்டியாச்சு. கீழ மூணு வரி இடம் கிடக்கு. என்ன போட, சொல்லுங்கக்கா."

பொறுங்கன்னேன்.

"போன வாரமும் இதான் சொன்னீங்க. என் உளி பட்டினி கிடக்கு."

உன் அத்தை உள்ளேர்ந்து: "பைபிள் வசனம் ஒண்ணு போட்டு முடிங்க அண்ணி. கல்லறையில போயி யாராச்சும் கணக்கு எழுதுவாங்களா?"

நான் எழுதுவேன். நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொன்னது. ஹைட்ரஜன் கலந்த ஒரு பொருளை இவ்வளவு அழுத்தத்துல நசுக்கினா, குளிர வைக்கவே வேணாம், நம்ம வீட்டுச் சூட்டுலயே கரண்ட் துளி வீணாகாம ஓடும்னு. நெசமான்னு வெளிநாட்டுல செஞ்சு பாக்குறாங்க. அது தெரியட்டும்னுதான் பொறுக்கச் சொல்றேன்.

28

மழை விடல. உன்கூட ஆராய்ச்சி பண்ணின கவிதா போன். அங்க அந்தப் பொருளை ரெண்டு வைரத்துக்கு நடுவுல வச்சு நசுக்குறப்ப வைரம் உடைஞ்சுபோச்சாம். வேற போட்டு முதல்லேர்ந்து.

"வைரம் உடையுமாடி?"

"அடிக்கடி உடையும்மா."

அடிக்கடியாம். இங்க ஒரு மூக்குத்திக் கல்லுக்கு வழியில்ல.

எரிச்சல். குழம்புல உப்பு போட மறந்துட்டேன். அப்பா அப்படியே பிசைஞ்சு சாப்பிட்டாரு. அதுவும் எரிச்சல்.

30, வியாழன்

போன் வரல. நான் பண்ணாலும் எடுக்கல.

பால் சொசைட்டியில என் முதுகுக்குப் பின்னால ஒருத்தி: "அவங்க பொண்ணு கரண்டைக் கண்டுபிடிச்சிதாம். அப்புறம் ஏன் நம்ம மோட்டாரு ஓட மாட்டேங்குது?" சிரிப்பு. பால் தூக்கை எடுத்துட்டு வந்துட்டேன்.

நவம்பர் 1, சனி

பூசைக்குப் போகல. கவிதா போன்.

"ஓடுச்சும்மா! துளி வீணாகல."

மாதாவேன்னு உக்காந்துட்டேன். அப்புறம் இழுக்குறா. அழுத்தம் நீ சொன்னதேதானாம். சூடுதான் தப்பாம். ஐஸைவிட ரொம்பக் குளிர வச்சாத்தான் ஓடுதாம்.

"அப்ப சரியா, தப்பா?"

"பாதி சரிம்மா."

பாதியை எப்படிடி கல்லுல வெட்டுறது?

அதுக்குள்ள இருக்குற ஹைட்ரஜன் ரொம்ப லேசாம். ஒரு இடத்துல நிக்காம துள்ளிக்கிட்டே கிடக்குமாம். அந்தத் துள்ளலை முழுசாச் சேத்துக் கணக்குப் போட்டிருந்தா குளிர் சரியா வந்திருக்குமாம். நீ கடைசியாப் போட்டதுல அது இல்லையாம்.

"அடுத்து அதைச் சேக்கப் போறேன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளாம்மா?"

என்கிட்டயா! நான் உன்னைக் கேட்டதெல்லாம் சாப்டியா, தலைக்குக் குளிச்சியா.

அந்தோணி வந்து வாசல்ல நிக்குறாரு. அத்தை வசனத்தோட நிக்குது. ரெண்டு பேரையும் நிக்க வச்சுட்டு இதை எழுதிட்டிருக்கேன்.

அந்தத் துள்ளலு உனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா பாப்பு, காய்ச்சல் விட்டதும் போட்டுக்கலாம்னு வச்சிருந்தியா?